எஞ்சினுக்கும் எஞ்சின் அறைக்கும் பெயிண்ட் அடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பானட்டைத் தூக்கியதும் கண்ணில் படுவது எண்ணெய்ப் பிசுக்கும், துருவும், பொரிந்து உரியும் பழைய பெயிண்டும் என்றால், இரண்டு ஸ்பிரே டப்பாக்களை வாங்கி ஒரே மாலையில் காரியத்தை முடித்துவிடலாம் என்று கை பரபரக்கும். முடித்தும் விடலாம். அது எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் பேச்சு. நான் சில எஞ்சின்களுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறேன். அவற்றில் சிலவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் அடித்திருக்கிறேன். கேட்டவர்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சேர்ந்த பதில்கள் இவை.

எந்தப் பெயிண்ட் நல்லது?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமாகப் பார்த்தால் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வரவேண்டிய கேள்வி. இருந்தாலும் பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

எஞ்சினின் முக்கிய வார்ப்பு உடலான பிளாக்குக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எஞ்சின் எனாமல் என்றே டப்பாவில் எழுதி விற்கப்படுவது. பெரும்பாலானவற்றில் சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று குறிப்பிட்டிருப்பார்கள். கலக்க வேண்டியது எதுவும் இல்லை, குலுக்கி அடிக்கலாம். எஞ்சின் ஆயிலை நன்றாகத் தாங்கும். பெட்ரோல் சிந்தி நின்றால் இளகும். மற்றொன்று, ஹார்ட்னர் (பெயிண்டை இறுகவைக்கும் இரண்டாம் பாகம்) கலந்து அடிக்கும் பாலியூரித்தேன். காரின் உடலுக்கு அடிக்கிறார்களே, அதே இனம். இரண்டு பாகங்களும் வேதிவினை புரிந்து இறுகுவதால் பெட்ரோலுக்கும் தின்னருக்கும் எளிதில் அசையாது. பிளாக்கின் வெப்பத்தையும் தாங்கும். என் அனுபவத்தில் நீடித்து நிற்பது இதுதான். ஆனால் மூச்சுக்குழாய்க்கு இது எமன். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கதவுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் சாதாரண ஸ்பிரே பெயிண்டை எஞ்சின் பக்கமே கொண்டுவராதீர்கள். எஞ்சின் வேலைசெய்யும் வெப்பத்தில் அது இளகித் தூசியை இழுத்துக்கொள்ளும், பிறகு பழுப்பேறும்.

எஞ்சின் அவ்வளவு சூடாகிறதே, எந்தப் பெயிண்டும் எரிந்துவிடாதா?

நினைக்கும் அளவுக்கு எஞ்சினின் வெளிப்புறம் சூடாவதில்லை. கூலன்ட் வழக்கமாக 90 முதல் 105 டிகிரிக்குள் ஓடுகிறது. பிளாக்கின் வெளிச்சுவரும் ஏறத்தாழ அதை ஒட்டியே இருக்கும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டுகளுக்கு அருகில் மட்டும் சற்று ஏறும். அந்தப் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிபோல்ட் வேறு கதை. அது பல நூறு டிகிரிக்குப் போகும். கடும் சுமையில் இருட்டில் பார்த்தால் மங்கலாகச் சிவந்திருப்பதுகூடத் தெரியும். ஆகவே மேனிபோல்டுக்கு ஒரு பெயிண்ட், மற்ற எல்லாவற்றுக்கும் வேறொரு பெயிண்ட்.

எஞ்சின் பெயிண்டைத்தான் அடித்தேன். ஆனாலும் சில மாதங்களில் தோலாக உரிந்துவிட்டது. ஏன்?

நான் முதன்முதலில் அடித்த எஞ்சினுக்கும் இதே கதிதான். எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவருக்குக் கீழே கையகல இடம் முதலில் உப்பியது, பிறகு நகத்தால் இழுத்தால் ரிப்பன் போல வந்தது. பெயிண்ட் விற்றவரைத் திட்டினேன். திட்டு வாங்க வேண்டியவன் நான். வால்வு கவர் கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் பட்டை) கசிந்துகொண்டிருந்ததைத் துடைத்துவிட்டு அதன்மேலேயே அடித்திருந்தேன். எண்ணெய் மறுபடியும் வழிந்து, பெயிண்டின் ஓரத்தில் நுழைந்து, அடியிலேயே பரவிவிட்டது.

முதல் வேலை கசிவை நிறுத்துவது. வால்வு கவர் கேஸ்கெட், ஆயில் பேன் கேஸ்கெட், கிராங்க் ஷாஃப்ட் சீல், டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் அதன் அடியிலுள்ள வளையம் ஆகிய எல்லாவற்றையும் பாருங்கள். எங்கே கசிகிறது என்று தெரியவில்லை என்றால், எஞ்சினைக் கழுவிக் காயவைத்து, ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பானட்டைத் திறந்து பாருங்கள். எண்ணெயே தன் வழியைக் காட்டிவிடும்.

பிசுக்கை முழுமையாக எடுப்பது எப்படி?

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இது. மொத்த வேலை பத்து மணி நேரம் என்றால், அதில் ஏழு மணி நேரம் இங்கே போவது சரிதான்.

தடித்த கசடை முதலில் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தெடுங்கள். பிறகு பிசுக்கைக் கரைக்கும் டிகிரீசரை அடித்து, டப்பாவில் சொன்ன நேரம் ஊறவிட்டு, தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். ஒருமுறை போதாது, இரண்டாவது முறை கழுவும்போது வரும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். எஞ்சின் வெதுவெதுப்பாக இருப்பது நல்லது. கை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பு விரிசல் விடலாம். ஆல்டர்னேட்டர், சென்சர் இணைப்புகள், காற்று உறிஞ்சும் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிவிடுங்கள். அழுத்தத் தண்ணீரை மின் இணைப்புகள் மேல் நேராகப் பாய்ச்ச வேண்டாம்.

கழுவியதும் சுத்தமாகத் தெரியும். அதை நம்பாதீர்கள். மெழுகு, எண்ணெய் எடுக்கும் கரைப்பானை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்துக்கொண்டே போனால் பிசுக்கு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இடம்பெயரும், அவ்வளவுதான். வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை தொடருங்கள்.

வார்ப்பிரும்பில் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு. அதன் நுண்துளைகளில் பல ஆண்டு எண்ணெய் ஊறிக் கிடக்கும். ஹீட் கன் கொண்டு அந்த இடத்தை மெல்லச் சூடாக்கினால் வியர்வை போல எண்ணெய் வெளியே வரும். துடைத்து, மீண்டும் சூடாக்கி, மீண்டும் துடைக்க வேண்டும். கரைப்பான் முழுவதும் ஆவியான பிறகே ஹீட் கன்னைத் தொடுங்கள். குறிப்பாக, குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தைச் சூடாக்கினாலோ வெல்டிங் செய்தாலோ பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயு உண்டாகும். குளோரின் இல்லாத வகையை வாங்கிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

முடிவில் ஒரு சோதனை. பரப்பின்மேல் சுத்தமான தண்ணீரைத் தெளியுங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவினால் பரப்பு தயார். தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு ஓடினால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. சோதித்த பிறகு உடனே காற்றடித்து உலர்த்திவிடுங்கள். வெறும் வார்ப்பிரும்பு கண்ணெதிரே துருப்பிடிக்கும்.

எஞ்சினை வெளியே எடுத்துத்தான் ஆகவேண்டுமா?

எடுத்தால் உத்தமம். பின்பக்கம், அடிப்பக்கம், ஃபயர்வால் (எஞ்சின் அறைக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) மூன்றும் கைக்கு வரும். ஆனால் பெயிண்டுக்காக மட்டும் எஞ்சினை இறக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. வேறு வேலைக்காக இறங்கும்போது அடித்துவிடுங்கள். காரிலேயே வைத்து அடிப்பதென்றால், கழற்ற முடிந்த பாகங்களை எல்லாம் கழற்றி வெளியே வைத்து அடியுங்கள்: வால்வு கவர், பிராக்கெட்டுகள், பேட்டரித் தட்டு, காற்று வடிகட்டிப் பெட்டி. பானட்டைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பங்கு இவைதான்.

கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பத்து எடுத்தால் போதும் என்று நினைத்தால் முப்பது எடுங்கள்.

பழைய பெயிண்டை முழுவதும் எடுக்க வேண்டுமா?

இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருப்பதை விட்டுவிடலாம். உரியும் ஓரங்களைச் சுரண்டி, 180-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 320 வரை தேய்த்து, பழைய பெயிண்டுக்கும் உலோகத்துக்கும் இடையே விரலுக்குப் படி தெரியாதபடி சரிவாக்குங்கள். பளபளப்பான இடம் எதையும் விட்டுவைக்க வேண்டாம். பளபளப்பின்மேல் எதுவும் ஒட்டாது.

பொருத்திய எஞ்சினை மணல் வீச்சில் சுத்தம் செய்யாதீர்கள். எவ்வளவு கவனமாக மூடினாலும் ஏதோ ஒரு வழியாக மணல் உள்ளே போகும். எண்ணெய்ப் பாதைக்குள் நுழைந்த ஒரு சிட்டிகை மணல் பேரிங்குகளை அரைத்துவிடப் போதுமானது. மிகப் பழைய வண்டி என்றால் பழைய பெயிண்டில் ஈயமும், கேஸ்கெட், வெப்பத்தடுப்பு அட்டைகளில் கல்நாரும் இருக்கலாம். அந்தப் பெயிண்டை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்ப்பதே பாதுகாப்பு. கல்நார் உள்ளவற்றைத் தேய்க்கவே வேண்டாம்.

அலுமினியப் பாகங்களுக்கு என்ன செய்வது?

காற்றுப் பட்ட அலுமினியத்தின்மேல் ஆக்சைடு படலம் உடனே படியத் தொடங்கிவிடும். பெயிண்ட் அந்தப் படலத்தைப் பிடிக்கும், உலோகத்தைப் பிடிக்காது. அதனால் தேய்த்த அன்றே, முடிந்தால் தேய்த்த ஒரு மணி நேரத்துக்குள், பிரைமர் எனும் அடிப்பூச்சை, அமிலம் கலந்த எட்ச் பிரைமரோ எபாக்சி பிரைமரோ, அடித்துவிட வேண்டும். இரும்புக் கம்பித் தூரிகை வேண்டாம். அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து பின்னால் துருப்புள்ளிகளாகத் தலைகாட்டும். அடுப்புக் கரி எடுக்கும் காரக் கலவைகளும் வேண்டாம், அவை அலுமினியத்தை அரித்துக் கறுக்க வைக்கும்.

வெள்ளி நிறத்தில் இருந்தும் கையில் எடுத்தால் வியப்பூட்டும் அளவுக்கு எடை குறைவாக இருந்தால் அது மெக்னீசியமாக இருக்கலாம். அதன் தூள் எளிதில் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் அந்தத் தீ இன்னும் சீறும். அத்தகைய பாகத்தை அதில் பழகியவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பிரைமர் கட்டாயமா?

வெறும் உலோகம் தெரிகிறது என்றால் கட்டாயம். ஈரம் உட்புகாமல் காப்பதில் எபாக்சி பிரைமரை மிஞ்சியது குறைவு. எட்ச் பிரைமரின் மேல் எபாக்சியை அடிக்க எல்லாத் தயாரிப்புகளும் இடம் தருவதில்லை. அமிலம் கலந்த எட்ச் பிரைமர் எபாக்சி இறுகுவதைக் கெடுக்கலாம். பிரைமர், நிறம், கிளியர் (மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு) மூன்றையும் ஒரே தயாரிப்பு வரிசையில் வாங்கினால் இந்தத் தலைவலி பாதி குறையும். சில எஞ்சின் எனாமல்களை வார்ப்பிரும்பின்மேல் நேரடியாக அடிக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். அடிக்கலாம்தான், நானும் அடித்திருக்கிறேன். ஈரப்பதம் மிகுந்த இடத்தில் வண்டி நிற்கும் என்றால் அப்படிச் செய்யமாட்டேன்.

எங்கெல்லாம் பெயிண்ட் படக் கூடாது?

கேஸ்கெட் உட்காரும் பரப்புகள், போல்ட் துளைகளின் மரைகள், ஸ்பார்க் பிளக் துளைகள், சென்சர்கள், ரப்பர் குழாய்கள், பெல்ட், புல்லியின் பள்ளம், எஞ்சின் எண், சேசிஸ் எண், எச்சரிக்கை ஒட்டிகள். ரேடியேட்டரின் இதழ்களில் தடித்துப் பெயிண்ட் படிந்தால் காற்றோட்டம் குறையும்.

பலர் மறப்பவை இரண்டு. முதலாவது, எர்த் கம்பி உட்காரும் இடம். அங்கே பெயிண்ட் படிந்தால் ஸ்டார்ட்டர் சோர்ந்து சுழலும், விளக்குகள் மினுங்கும், சென்சர்கள் உளறும். பேட்டரியை மாற்றிப் பார்த்தும் குறை தீராது. அந்த வட்டத்தை வெறும் உலோகமாக விட்டு, கம்பியை முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். இரண்டாவது, எஞ்சின் மவுன்ட் போன்ற முக்கியமான போல்டுகளின் தலை அமரும் பரப்பு. அடியில் தடித்த பெயிண்ட் இருந்தால் அது நாளடைவில் நசுங்கி, முறுக்கிய இறுக்கம் தளர்ந்துவிடும்.

மறைப்பதற்கு எளிய வழி உண்டா?

அலுமினியத் தாள். சமையலறையில் இருக்கும் அதே தாள்தான். வளைந்த குழாய், கம்பிக் கட்டு எதன்மேலும் அழுத்தினால் அந்த வடிவத்துக்குப் படியும். ஓரங்களில் மட்டும் மாஸ்கிங் டேப் போதும். ஸ்பார்க் பிளக் துளைகளுக்குப் பழைய பிளக்குகளைத் திருகிவிடுங்கள். போல்ட் துளைகளில் காதடைக்கும் பஞ்சு அச்சாகப் பொருந்தும். கிரீஸ் தடவி மறைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அத்தனை பாடுபட்டு எண்ணெய் எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் நானே கிரீஸைக் கொண்டுவைப்பதா?

டேப்பை முழுவதும் காய்வதற்கு முன்பே, பெயிண்ட் தொட்டால் ஒட்டாத நிலையில் எடுத்துவிடுங்கள். இறுகிய பிறகு இழுத்தால் ஓரம் சில்லுச் சில்லாக வரும்.

எத்தனை கோட்? எவ்வளவு இடைவெளி?

மெல்லிய மூன்று கோட். முதலாவது கிட்டத்தட்டத் தூவியது போல இருக்கட்டும். அடியிலுள்ளது தெரிந்தால் பரவாயில்லை. பத்து நிமிடம் விட்டு அடுத்தது, இன்னும் பத்து நிமிடம் விட்டு மூன்றாவது. டப்பாவை 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். ஒரே மூச்சில் தடிப்பாக அடித்தால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே மாட்டிக்கொண்ட கரைப்பான் எஞ்சின் சூடானதும் கொப்புளமாகக் கிளம்பும்.

விட்டுப்போன இடத்தை மறுநாள் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். பல எனாமல்களில் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட் அடிக்க வேண்டும், தவறினால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். இடையில் அடித்தால் புதிய கோட்டின் கரைப்பான் பாதி இறுகிய அடிப்பூச்சைத் தாக்கிச் சுருக்கம் விழவைக்கும். உங்கள் டப்பாவின் பின்புறத்தில் எழுதியிருக்கும் கால அளவே இறுதி.

மழை ஓயாமல் பெய்யும் நாளில் அடிக்க வேண்டாம். உலோகத்தின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் தொழிலில் நெடுநாள் விதி. இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின் மேல் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

தூரிகையால் அடிக்கலாமா?

தாராளமாக. எஞ்சின் காரிலேயே இருக்கும்போது பிளாக்குக்குத் தூரிகைதான் புத்திசாலித்தனம். தூறல் பறக்காது, மறைக்கும் வேலை பாதியாகும், மூலைகளில் நன்றாகப் படியும். வார்ப்பிரும்பின் சொரசொரப்பில் தூரிகைத் தடம் யாருக்கும் தெரியப்போவதில்லை. வழவழப்பான வால்வு கவருக்கு மட்டும் ஸ்பிரேயை வைத்துக்கொள்ளுங்கள்.

அடித்த பிறகு உடனே எஞ்சினை ஓட்டலாமா?

ஒருநாளாவது விடுங்கள். எஞ்சின் எனாமல் தொட்டால் காய்ந்தது போல இருக்கும், ஆனால் வெப்பம் பட்ட பிறகே முழுமையாக இறுகும். கழற்றிய சிறு பாகங்களைச் சுமார் 95 டிகிரியில் 20 நிமிடம் அடுப்பில் வைத்து எடுக்கலாம். சமையலுக்குப் பயன்படுத்தும் அடுப்பு மட்டும் வேண்டாம். பிளாக்கை எஞ்சினே சூடாக்கிக்கொள்ளும்: முதல்முறை சில நிமிடம் ஓட்டி ஆறவிட்டு, அடுத்தமுறை இன்னும் சற்று நேரம் ஓட்டுங்கள். லேசான வாடையும் புகையும் வரும். கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸாஸ்ட் மேனிபோல்டுக்கு?

சிலிகோன் அடிப்படையிலான உயர்வெப்பப் பெயிண்ட். அதற்கு உலோகம் அப்பட்டமாகத் தெரியவேண்டும். சாதாரண பிரைமர் அடியில் இருந்தால் அது கருகி மேலே உள்ளதையும் இழுத்துக்கொண்டு விழும். படிப்படியாகச் சூடேற்றுவது இங்கே விருப்பம் அல்ல, தேவை. சுமார் 120 டிகிரியில் அரைமணி, ஆறவிட்டு 200-இல் அரைமணி, மறுபடியும் ஆறவிட்டு 315-இல் அரைமணி என்பது போன்ற அட்டவணை டப்பாவில் இருக்கும். இத்தனையும் செய்தாலும் வார்ப்பிரும்பு மேனிபோல்டில் ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் துரு எட்டிப்பார்க்கலாம். நிரந்தரமாக வேண்டுமென்றால் செராமிக் பூச்சுப் போடும் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

எஞ்சின் அறையின் தகடுகளுக்கும் எஞ்சின் எனாமலே போதுமா?

அங்கே வெப்பத்தைவிட பிரேக் ஆயிலும் பேட்டரி அமிலமும்தான் எதிரிகள். காரின் உடலுக்கு அடிக்கும் முறையே சரி: எபாக்சி பிரைமர், நிறம், ஹார்ட்னர் கலந்த கிளியர். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் பெயிண்டைக் கரைத்துவிடும். மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே தகடு எப்போதும் வெளுத்திருப்பது அதனால்தான். சிந்தினால் துடைப்பதற்கு முன் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள்.

பேட்டரித் தட்டில் பெயிண்ட் அடிக்கும் முன் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, நுரை அடங்கும்வரை விட்டுக் கழுவுங்கள். அமிலம் மிச்சமிருந்தால் புதிய பெயிண்டுக்கு அடியிலும் தன் வேலையைத் தொடரும். ஆழமான துருவைத் தேய்த்தே எடுக்க வேண்டும். துருமாற்றி திரவம், எட்டாத இடுக்குகளில் ஒட்டியிருக்கும் மெல்லிய துருவுக்கு மட்டுமே. சில எபாக்சிகளுக்கும் அதற்கும் ஒத்துப்போகாது, பார்த்து வாங்குங்கள்.

முகமூடி கட்டாயமா?

எனாமலுக்குக் கரித்தூள் வடிகட்டி உள்ள முகமூடி, கையுறை, காற்றோட்டம். ஹார்ட்னர் கலந்த பாலியூரித்தேனுக்கு இது போதாது. ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிதளவு பட்டாலும் மூச்சு திணறும். வடிகட்டி தீர்ந்துபோனாலும் வாடை எச்சரிக்காது என்பதுதான் இதில் பயங்கரம். வெளியிலிருந்து தூய காற்று குழாய் வழியாக வரும் முகமூடி இல்லாவிட்டால், அந்த வேலையைப் பெயிண்ட் பட்டறையிடம் விட்டுவிடுங்கள். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் எதிர்மின் (மைனஸ்) முனையைக் கழற்றுங்கள், தீயணைப்பானை எட்டும் தூரத்தில் வையுங்கள்.

ஹைபிரிட் வண்டி என்றால் ஆரஞ்சு நிறக் கம்பிகளும் அவை போய்ச்சேரும் பெட்டிகளும் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அவற்றைக் கழற்றவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம்.

கறுப்பு அடித்தால் எஞ்சின் கூடுதலாகச் சூடாகுமா?

ஆகாது. வெப்பத்தைக் கொண்டுபோவது கூலன்டும் ரேடியேட்டரும். பிளாக்கின் நிறம் ஒரு பொருட்டே இல்லை. என் ஓட்டு வெளிர் சாம்பலுக்கு. புதிதாக ஒரு சொட்டு எண்ணெய் கசிந்தாலும் அன்றே தெரிந்துவிடும். கறுப்பு அதை மாதக்கணக்கில் ஒளித்துவைக்கும். பழைய வண்டியை மூலநிலைக்கே மீட்பவர்களுக்கு இந்த உரிமை இல்லை, தொழிற்சாலை அடித்த நிறத்தையே தேடவேண்டும்.

பவுடர் கோட்டிங் செய்யலாமா?

வால்வு கவர், பிராக்கெட், புல்லி போன்ற கழற்றிய பாகங்களுக்கு மிக நல்லது. பெயிண்டைத் தூளாகப் படியவைத்து 180 முதல் 200 டிகிரி அடுப்பில் வைத்து இறுக்குவதால், சீலும் ரப்பரும் பொருத்திய எதையும் அனுப்ப முடியாது.

ஸ்பேனர் பட்டுச் சில்லு பெயர்ந்துவிட்டது. முழுவதும் மீண்டும் அடிக்க வேண்டுமா?

வேண்டாம். அதே பெயிண்டைச் சிறிது டப்பாவின் மூடியில் பீய்ச்சி, சிறு தூரிகையால் தொட்டு வையுங்கள். அதற்கு முன் அந்த இடத்தைக் கரைப்பானால் துடைக்க மறக்காதீர்கள். போல்ட் தலைகளில் மட்டும் எப்படியும் பெயரும். அவற்றைப் பெயிண்ட் அடிக்காமல் துத்தநாக முலாம் பூசியவையாக மாற்றிவிடுவது நிம்மதி. முதல் ஒரு மாதம் டிகிரீசர் பக்கம் போகாமல், ஈரத்துணியால் மட்டும் துடைத்து வாருங்கள்.